கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பகற் பயணம்

வெளிநாடுகளில் வாழும் உறவினர்களும் நண்பர்களும் விடுமுறைக்கு வருவதற்கு முன்னர் எனக்கு எழுதும் மடல்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வீதி வழியாக ஒரே நாளில் போய்ச் சேர முடியுமா என்பதே அது. முடியும். புத்தளம், அநுராதபுரம், வவுனியா ஊடாகச் சென்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரண்டும் கடற்கரை நகரங்கள்தான் என்றாலும் இடையில் உள்ள பயணத்தின் பெரும்பகுதி கடலைக் காணாத உலர்வலயத்தின் ஊடாகவே நடைபெறுகிறது. வீதி நன்றாக இருக்கிறது. மறிப்பார் எவரும் இல்லை. ஆனால், 'போய்ச் சேர முடியுமா' என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. எந்த நேரத்தில் புறப்படுவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரத்தை ஒன்றும் செய்யாமல் கையில் வைத்திருப்பது என்பவற்றையும் கேட்டுக்கொண்டால்தான் அது திட்டம் எனப்படும்.

இந்த ஆண்டு அந்தக் கேள்வி எனது குடும்பத்துக்குள்ளிருந்தே வந்தது. கனடாவில் இருக்கும் எனது தமக்கையார் 78 வயதில், தன் மகனுடனும் பேரனுடனும் யாழ்ப்பாணம் போவதற்கு வருகிறார். பேரனுக்கு 19 வயது. பயண ஏற்பாட்டுப் பொறுப்பு முழுவதையும் தானே எடுத்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் ஒன்றையும் அனுப்பியிருந்தான். கட்டுநாயக்காவில் விமானம் இறங்குவது இரவு பதினொரு மணிக்கு. வாசலில் வான் நிற்கும். அப்படியே ஏறினால் விடியற்காலையில் யாழ்ப்பாணம். ஓட்டலுக்குக் காசு இல்லை, பகல் வெயில் இல்லை, வாகன நெரிசல் இல்லை, ஒரு நாளும் மிச்சம். கணக்கில் பிழை சொல்ல முடியாத திட்டம். இருந்தும் அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்பதை அவனுக்கு எழுதியபோதுதான், இதைக் கேட்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலாவது காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. செய்தி மேசையில் நான் கழித்த ஆண்டுகளில் சில செய்திகளைப் படித்துப் பார்க்காமலே ஊகித்துவிடும் பழக்கம் வந்திருந்தது. 'அதிகாலை', 'விமான நிலையத்திலிருந்து திரும்பிய வான்', 'வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த லொறி' ஆகிய மூன்றும் ஒரே செய்தியில் சேர்ந்து வந்தால் அதன் கடைசி வரி என்னவாக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஊரைப் பார்க்க வந்தவர்கள் ஊரைப் பார்க்காமலே போன கதைகள் அவை. மனித உடல் அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் தூக்கத்தைத்தான் கேட்கும். அதற்குத் தேநீர் மருந்தல்ல. பயணிகளை ஏற்ற வரும் சாரதி பெரும்பாலும் அன்று பகலிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு வந்தவராக இருப்பார். விமானம் தாமதமானால் அவர் விழித்திருக்கும் நேரமும் நீளும். ஆகவே, வாகனம் ஒழுங்கு செய்யும்போது விலையைக் கேட்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, 'தம்பி, கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர்கள்?' என்பதுதான்.

அந்த இரவில் வீதியில் இருப்பவை வாகனங்கள் மட்டுமல்ல. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதி வில்பத்து வனத்துக்கு அண்மையாகச் செல்வது. யானைகள் வீதியைக் கடக்கும் பகுதிகள் அதில் உண்டு. வவுனியாவுக்கு வடக்கே கட்டாக்காலி மாடுகள் சூடேறிய தார் வீதியில் இரவில் படுத்திருக்கும். கறுத்த மாட்டை வாகன வெளிச்சத்தில் காணும்போது தூரம் போதாமல் போய்விடும். மாசி, பங்குனி மாதங்களில் காலபோக அறுவடை முடிந்ததும் வன்னி விவசாயிகள் வீதியோரத்திலேயே நெல்லைக் காயப் போடுவார்கள். வேகமாக ஓடும் வாகனத்துக்கு அதுவும் ஒரு பொறிதான். பகலில் இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும், நிதானித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் அக்காவின் சம்பந்தப்பட்டது. அதைச் சொல்வதற்கு முன்னர் இந்த வீதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்கு ஏ9 என்ற பெயர் பிந்தி வந்தது. அவர்களுக்கு அது கண்டி வீதி. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் 321 கிலோமீற்றர் வீதி அது. கொழும்பிலிருந்து வருபவர்கள் இடையில் எங்காவது வந்து அதில் ஏறிக்கொள்வார்கள். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், வீதியால் யாழ்ப்பாணம் போவது பற்றி யாரும் பெரிதாக யோசித்ததில்லை. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி பகலில் இருந்தது. இரவில் தபால் புகையிரதம் இருந்தது. 1990 ஜூன் மாதத்தில் புகையிரதம் நின்றது. ஆனையிறவு வழியாகப் போக்குவரத்தும் நின்றது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்கும் பழக்கமே எங்களிடம் இல்லாமல் போயிற்று. எத்தனை நாள் பிடிக்கும் என்றுதான் கேட்போம்.

கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்குப் போகும் பாதை என்ற மிதவையில் சனம் கடந்தது. பின்னர் கொம்படி, ஊரியான் வெளிகளில் முழங்கால் அளவு தண்ணீரிலும் சேற்றிலும் நடந்து கடந்தது. அதற்குப் பின்னர் கிளாலி. கடல்நீரேரியை இரவில், விளக்கில்லாமல், சிறிய வள்ளங்களில் கடக்கும் பயணம் அது. 1993 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடற்படையின் தாக்குதலில் அந்த நீரில் பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். இருந்தும் சனம் போய்க்கொண்டுதான் இருந்தது. வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் வேறு வழி இருக்கவில்லை. 1996 க்குப் பிறகு திருகோணமலையிலிருந்து கப்பல், இரத்மலானையிலிருந்து விமானம். 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று மன்னார்க் கடலுக்கு மேலே காணாமற் போனதை மறந்தவர்கள் குறைவு.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி மீண்டும் திறக்கப்பட்டபோது அது வீதியாக இருக்கவில்லை. குண்டும் குழியுமான செம்மண் தடம். ஓமந்தையில் ஒரு சோதனை, புளியங்குளத்தில் ஒரு பதிவு, பளையில் ஒன்று, முகமாலையில் ஒன்று. பையைத் திறந்து, மூடி, மீண்டும் திறந்து, வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, இடையில் வரியும் கட்டி, வவுனியாவில் ஓர் இரவு தங்கி, இரண்டாம் நாள் மாலையில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பாதையும் 2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் மோதல் வெடித்ததோடு மூடப்பட்டது. போர் முடிந்த 2009 க்குப் பிறகு படிப்படியாகத் திறந்து, திருத்தி, அகலமாக்கி இன்றைய நிலைக்கு வந்தது. புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அதே மாதத்தில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற நடைமுறை மீண்டும் வந்தது. 2015 ஜனவரியில் அது நீங்கியது. ஓமந்தைச் சோதனைச் சாவடியும் அதே ஆண்டில் அகற்றப்பட்டது. பேரன் தன் கைத்தொலைபேசியில் ஒரு நீலக்கோட்டைப் பார்த்து 'ஏழெட்டு மணித்தியாலம்' என்று சொல்ல முடிகிறதென்றால், அந்தக் கோட்டுக்குள் இவ்வளவும் அடங்கிக் கிடக்கிறது.

அக்கா 1994 இல் கிளாலியால் வெளிக்கிட்டவர். இரண்டு பிள்ளைகளுடனும் ஒரு பெட்டியுடனும் வள்ளத்தில் ஏறினார். அத்தான் கரை வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். ஆசிரியராக இருந்தவர், ஓய்வூதிய அலுவல்களை முடித்துக்கொண்டு ஆறு மாதத்தில் வருவதாக ஏற்பாடு. அடுத்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவரும் சனத்தோடு தென்மராட்சிக்கு வந்தார். நோயாளியாகி, அங்கேயே 1996 இன் தொடக்கத்தில் காலமானார். செய்தி அக்காவுக்குக் கிடைத்தது மூன்று கிழமைக்குப் பிறகு. கிளாலிக் கரையில் இருட்டில் நின்ற உருவம்தான் அவர் கடைசியாகக் கண்டது. அதற்குப் பிறகு இரண்டு தடவை கொழும்புக்கு வந்தார், யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

இம்முறை தொலைபேசியில் பேசும்போது, ஓட்டல் பற்றியோ சாப்பாடு பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டார். "தம்பி, போற வழியில கிளாலியில ஒருக்கா நிப்பாட்டலாமே? பெடியன் நேரமில்லை எண்டு சொல்லுவான் போல கிடக்கு."

பெடியனின் திட்டத்தின்படி வான் கிளாலிச் சந்தியைக் கடக்கும் நேரம் அதிகாலை நாலரை மணி. அக்கா மீண்டும் ஒரு தடவை அந்தக் கரையை இருட்டில்தான் கடந்திருப்பார். அதுவும் நித்திரையில். இதைத்தான் பேரனுக்கு எழுதினேன். அவன் வாதாடவில்லை. "அப்ப நீங்களே ஒரு பிளான் போடுங்கோ தாத்தா" என்று மட்டும் பதில் வந்தது. போட்ட திட்டம் பின்வருமாறு.

விமானம் இறங்கும் இரவில் பயணம் இல்லை. கொழும்பில் இரண்டு இரவுகள் தங்குகிறார்கள். கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையில் பகலும் இரவும் தலைகீழ். அந்தக் களைப்பு ஓரளவாவது தீர வேண்டும். மூன்றாம் நாள் அதிகாலை 4.30 மணிக்குப் புறப்பாடு. சாரதி முதல் நாள் பகலிலேயே கொழும்புக்கு வந்து, இரவு எங்கள் வீட்டு மாடியில் நன்றாக நித்திரை கொள்கிறார். அவருடைய தங்குமிடமும் மூன்று வேளைச் சாப்பாடும் பயணச் செலவில் அடக்கம். இதைச் சிக்கனம் பிடிக்கும் இடமாக யாரும் கருதக் கூடாது.

எந்த வழியால் போவது என்பது அடுத்த கேள்வி. குருநாகல், தம்புள்ளை ஊடாக ஒரு வழி உண்டு. குருநாகலில் இருந்து பாதெனியா ஊடாக அநுராதபுரம் செல்லும் வழியும் உண்டு. மீரிகமைக்கும் குருநாகலுக்கும் இடையில் அதிவேக நெடுஞ்சாலை 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பின்னர் அந்தப் பக்கத்தை விரும்புபவர்கள் கூடியிருக்கிறார்கள். நான் தெரிவு செய்தது புத்தளம் வழி. 2013 இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினால் 25.8 கிலோமீற்றரில் நகரத்து நெரிசல் பின்னால் போய்விடும். அதன் பின்னர் நீர்கொழும்பு, மாரவில, மாதம்பை, சிலாபம் என்று தென்னந்தோப்புகளின் ஊடாகச் சமதரையான வீதி. வளைவுகள் குறைவென்பதால் வயதானவர்களின் வயிற்றையும் குலுக்காது. விடியும்போது சிலாபத்தைக் கடந்துகொண்டிருப்போம்.

7.30 மணிக்குப் புத்தளம். காலை உணவு, 45 நிமிடம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் வந்திருப்போம். புத்தளத்தைத் தேநீர் குடிக்கும் இடமாக மட்டும் பேரன் நினைத்துவிடக் கூடாது என்று விரும்புகிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருமளவில் வந்து தங்கிய மாவட்டம் இது. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வீட்டைவிட்டு வெளியேற இரண்டு மணித்தியாலம்தான் கொடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத் தமிழைப் பேசிக்கொண்டு புத்தளத்தில் கடை வைத்திருக்கும் ஒருவரை இந்தப் பயணத்தில் அவன் சந்திக்கக்கூடும். ஊரை இழந்தவர் தன் அப்பம்மா மட்டுமல்ல என்பது அப்போது அவனுக்கு விளங்கும்.

8.15 க்குப் புறப்பட்டு ஏறத்தாழ 75 கிலோமீற்றர் சென்றால் 9.45 க்கு அநுராதபுரம். அரை மணித்தியாலம் கால் நீட்ட வேண்டும். குளக்கரையில் நிறுத்தினால் நல்ல காற்று வரும். புனித நகரைச் சுற்றிப் பார்ப்பது இந்த நாளில் இல்லை. அதற்கு ஒரு முழுநாள் வேண்டும். அரைகுறையாகப் பார்ப்பதிலும் பார்க்காமல் விடுவது மரியாதை. அங்கிருந்து இறம்பாவையில் ஏ9 வீதியில் ஏறி, மதவாச்சியைக் கடந்து 11.30 க்கு வவுனியா. மதிய உணவு ஒரு மணித்தியாலம். கொஞ்சம் நேரத்தோடே சாப்பிடுவது போல இருக்கும். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பின்னர் கடைகளில் இருக்கை கிடைப்பது கஷ்டம். சாப்பிட்ட பிறகு சாரதி கால் மணித்தியாலம் கண்ணை மூட வேண்டும். இது திட்டத்தில் எழுத்தில் இருக்கிறது.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 140 கிலோமீற்றர். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக வரும். இந்தப் பெயர்களை ஒரு காலத்தில் செய்தித் தலைப்புகளில் மட்டுமே வாசித்தவர்களுக்கு, அவை பாடசாலையும் சைக்கிள் கடையும் உள்ள ஊர்களாகக் காட்சி தருவது மனதுக்கு இதமானது. 1.50 மணிக்கு முறிகண்டி. இந்தப் பிள்ளையாரைத் தாண்டிக்கொண்டு போகும் சாரதியை நான் கண்டதில்லை. எந்தச் சமயத்தவராக இருந்தாலும் நிறுத்துவார்கள். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு 15 நிமிடத்தில் புறப்பாடு. கிளிநொச்சி, பரந்தன் கடந்து 2.45 க்கு ஆனையிறவு. பனைகள் தொடங்கும் இடம், இரு பக்கமும் உவர்நீர் வெளி, உப்பளம், ஓயாத காற்று. 1991, 2000, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளின் சமர்களில் எத்தனையோ ஆயிரம் இளைஞர்கள் மடிந்த மண் அது. வாகனத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் மௌனமாக நிற்பதற்கு யாருடைய பக்கத்தையும் எடுக்கத் தேவையில்லை. திட்டத்தில் கால் மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறேன்.

அங்கிருந்து இயக்கச்சி, பளை, முகமாலை. பளைப் பக்கத்தில் காற்றாலைகள் சுழல்வதைக் காணலாம். 2002 இல் நான் பார்த்தபோது அந்தப் பிரதேசத்தில் தலையிழந்த பனைகள்தான் வரிசையாக நின்றன. முகமாலை நாட்டிலேயே மிக அடர்த்தியாகக் கண்ணிவெடிகள் விதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. அவற்றை அகற்றும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. ஆகவே அந்தப் பகுதியில் எந்தத் தேவைக்காகவும் பற்றைகளுக்குள் இறங்கக் கூடாது. நேராகப் போனால் கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, நாவற்குழி தாண்டி 4.15 க்கு யாழ்ப்பாணம்.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். புறப்பட்டதிலிருந்து பதினொன்றே முக்கால் மணித்தியாலம். அதில் ஓட்டம் ஒன்பது மணித்தியாலம், ஓய்வு இரண்டே முக்கால். சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீற்றருக்கும் சற்றுக் குறைவு. பேரன் இதைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். நகரங்களுக்கு வெளியே கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 70, குடிமனைகள் உள்ள இடங்களில் 50. இந்த வீதி முழுவதும் ஊர்கள்தான். மணிக்கு நூறில் ஓட்டிச் சேர்க்கும் நிமிடங்களைப் பொலிஸ்காரரிடம் நின்று செலவழிக்க வேண்டிவரும். பார்க்கப் போனால், ஓட்டத்தைக் குறைத்து ஓய்வைக் கூட்டியிருக்கும் இந்தக் கணக்கே அதிகாலையில் புறப்படுவதற்கான காரணம். நமது நாட்டில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் மறைந்துவிடும். 4.15 க்கு முடிய வேண்டிய பயணத்துக்கு இரண்டு மணித்தியால வெளிச்சம் மேலதிகமாக இருக்கிறது.

அந்த இரண்டு மணித்தியாலம்தான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. ரயர் காற்றுப் போகலாம். புகையிரதக் கடவையில் மறிபடலாம். அக்காவின் முழங்கால் இன்னுமொரு தரிப்பைக் கேட்கலாம். இவை எல்லாம் கழித்து மிஞ்சுவது கிளாலிக்கு. எழுதுமட்டுவாளுக்கு அண்மையில் இடப்புறமாகப் பிரியும் வீதியில் சில கிலோமீற்றர் சென்றால் கடல்நீரேரிக் கரை. அங்கே புனித யாகப்பர் ஆலயம் இருக்கிறது. நிழல் இருக்கிறது. பின்நேர வெயில் சாயும் வேளையில் நீர் அமைதியாக இருக்கும். அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்ற இடத்தில் நான் நிமிடம் எழுதவில்லை. 'அப்பம்மா சொல்லும்வரை' என்று எழுதியிருக்கிறேன். நேரம் பிந்தினால் வெட்டப்பட வேண்டியவை எவை என்றும் வரிசைப்படுத்தியிருக்கிறேன். முதலில் அநுராதபுரக் குளக்கரை, அடுத்து ஆனையிறவு. கிளாலி அந்தப் பட்டியலில் இல்லை. வவுனியாவை விட்டு ஒன்றரை மணிக்குள் புறப்பட முடியாமற் போனால் அன்றிரவு வவுனியாவிலேயே தங்கல். அடுத்த நாள் காலையில் கிளாலி. இருட்டில் அந்தக் கரைக்குப் போவதில்லை என்பது மாற்ற முடியாத விதி.

மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய சில குறிப்புகள். ஐப்பசி நடுப்பகுதியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாட்டின் பல பிரதான வீதிகளைத் துண்டித்துப் போட்டதை யாவரும் அறிவோம். அந்த மாதங்களில் புறப்படுவதற்கு முதல்நாள் வானிலை அறிவிப்பையும் வீதி நிலைமையையும் விசாரிக்காமல் கிளம்பக் கூடாது. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் மடுத் திருவிழாவை ஒட்டிய ஓகஸ்ட் நாட்களிலும் வீதியில் வாகனங்கள் அதிகம், யாழ்ப்பாணத்தில் தங்குமிடம் அரிது. எரிபொருளுக்கு 2022 இல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நிலைமை இப்போது இல்லை. ஆனாலும் புத்தளத்திலோ அநுராதபுரத்திலோ தாங்கியை நிரப்பிக்கொள்வது நல்லது. வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இங்கே வாகனம் ஓட்ட முடியாது. அதற்குரிய உள்நாட்டு அங்கீகாரத்தை முன்கூட்டியே பெற வேண்டும். பின்னிருக்கையில் இருப்பவர்களும் ஆசனப்பட்டி அணிய வேண்டும். மேலதிகச் சில்லில் காற்று இருக்கிறதா என்று புறப்படும் முன்னரே பார்க்க வேண்டும். முதியவர்களின் மருந்துகள் பெட்டிக்குள் அல்ல, கைப்பைக்குள் இருக்க வேண்டும். அவசர அம்புலன்ஸ் சேவைக்கு 1990, பொலிஸுக்கு 119.

திரும்பி வரும்போது அவசரம் இல்லாவிட்டால் வேறு வழியைப் பரிந்துரைப்பேன். 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி ஊடாக மன்னார் வரை ஏ32 வீதி செல்கிறது. முன்னர் மிதவைக்காகக் காத்திருந்த இடத்தை இப்போது ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். மன்னாரில் ஓர் இரவு தங்கி, திருக்கேதீச்சரமும் மடுவும் பார்த்துக்கொண்டு மதவாச்சியில் பழைய வழியோடு சேரலாம். அதை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம்.

திட்டத்தைப் பேரனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு திருத்தத்தோடு அவன் திருப்பி அனுப்பினான். அதிகாலை 4.30 புறப்பாட்டை 4.00 என்று மாற்றியிருந்தான். காரணம் எழுதியிருக்கவில்லை. அந்த அரை மணித்தியாலத்தை எந்தத் தரிப்பிலும் சேர்க்காமல், கிளாலிக்கு நேரே எழுதியிருந்தான். சாரதிக்கும் அதையே அறிவித்துவிட்டேன். முதல்நாள் இரவு எட்டு மணிக்கே எல்லோரும் படுக்கைக்குப் போக வேண்டும்.